‘ங்’ என்று முடியும் தமிழ்ச் சொல் உண்டா? பொங்கல் புதிரில் மாட்டிக்கொண்டேன்

ஜனவரி 12, 2025 — மாலை 6:15 (கேள்வி)

புதுச்சேரி லாசுப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன் சார். எங்கள் பெரியப்பா கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறார், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் ஒரு கிரிப்டிக் குறுக்கெழுத்து (விடையைத் துண்டு துண்டாகக் குறிப்புக்குள்ளேயே ஒளித்து வைக்கிற வகை) போட்டு, படம் எடுத்து, குடும்பத்தில் எல்லோருக்கும் வாட்ஸப்பில் அனுப்புவார். 20ஆம் தேதிக்குள் முதலில் முடிப்பவருக்குப் பண்ருட்டி முந்திரி ஒரு கிலோ. இந்த வருஷப் புதிருக்குத் தலைப்பு ‘வாலறுந்த நெய்தல்’. மேலே இப்படி ஒரு முன்குறிப்பு: ‘ஏழு விடைகள் ஒரே இனம். அவற்றில் ஆறுக்கு வால் இல்லை, குறிப்பில் பொருளும் இல்லை. ஒன்றுக்கு மட்டும் இரண்டும் உண்டு; அது எல்லையில் நிற்கும். மேலிருந்து கீழே வரிசை மாறாது.’

28 குறிப்புகளில் 11 முடித்துவிட்டேன். 4 நெடுக்கு ‘பங்குனி’, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் இரண்டாவது எழுத்துதான் 9 குறுக்குக்குக் கடைசி எழுத்து. அப்படியென்றால் 9 குறுக்கு ‘ங்’ என்று முடிய வேண்டும். அப்படி ஒரு சொல் தமிழில் உண்டா? புதிரே தப்பு என்று நினைக்கிறேன்.

ஜனவரி 12 — இரவு 9:40 (பதில்)

கிடையாது தம்பி. மெய்யெழுத்தில் சொல் முடிந்தால் ஞ், ண், ந், ம், ன், ய், ர், ல், வ், ழ், ள் என்ற பதினொன்றில்தான் முடியும். தொல்காப்பியத்திலிருந்து அதுதான் கணக்கு. வல்லினம் ஆறும் வராது, ‘ங்’ வரவே வராது. ‘ஙப் போல் வளை’ என்று சொன்ன ஔவைக்கே அந்த எழுத்துக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

அதனால் ஒன்று, உன் பங்குனி தப்பு. இல்லாவிட்டால் பெரியவர் கட்டம் போடும்போது கண் அசந்துவிட்டார். குறிப்பை அப்படியே எழுது, பார்க்கலாம். நான் மஞ்சக்குப்பம்தான். தேவைப்பட்டால் நேரிலேயே போய்ச் சண்டை போட்டுவிடலாம்.

ஜனவரி 13 — காலை 7:05

குறிப்புகள் வந்தன. 4 நெடுக்கு: ‘பாகம் கொடுத்தால் சனி முடியும் மாதம் (4)’, அதாவது விடை நாலெழுத்து. பாகம் என்றால் பங்கு. சனியின் முடிவு ‘னி’. பங்கு + னி. பங்குனி சரிதான். நேற்று வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது.

சின்ன ஒழுங்கு ஒன்று வைத்துக்கொள்வோம். முந்திரி பாக்கி இருக்கும் வரை கருப்பொருள் விடை (முன்குறிப்பில் சொன்ன அந்த ஏழு) எதையும் நான் முழுசாகச் சொல்ல மாட்டேன். ஒரு குறிப்பை எங்கே வெட்ட வேண்டும் என்று மட்டும் சொல்வேன். நீ முடித்துவிட்ட சாதாரணக் குறிப்புகளைப் பற்றித் தாராளமாகப் பேசலாம், அவை நன்றாகவும் இருக்கின்றன.

‘நாலும் ரெண்டும் சேர்ந்தால் வெள்ளம் வரும் (2)’. ஆறு. கடலூர்க்காரன் போட்ட குறிப்பு என்று பார்த்ததுமே தெரிகிறது. கெடிலம் ஆறும் பெண்ணையாறும் ஓடுகிற ஊரில் கணக்கு அப்படித்தான் வரும்.

‘ரூபலாவண்யத்துக்குள் முள்ளுத்தோல் (2)’. ரூ-பலா-வண்யம். ஒளித்து வைத்த விதம் அருமை. அந்தச் சொல்லுக்குள் பலாப்பழம் இருக்கிறது என்று ஐம்பத்தொன்பது வயது வரை எனக்குத் தெரியாது.

‘ஒரு விதமா திரும்பிப் பார்த்த நாட்டியக்காரி (3)’. மாதவி. எழுத்தைக் கலைத்துப் போட்டால் வருகிறது.

ஜனவரி 13 — காலை 7:20

கலைத்துப் போடுவதில்லை, திருத்திக்கொள்கிறேன். ‘திரும்பி’ என்று சொல்லியிருக்கிறாரே. வி-த-மா, பின்னாலிருந்து படித்தால் மா-த-வி. தமிழில் ஒரு கட்டத்துக்கு ஓர் உயிர்மெய் என்பதால்தான் இது நடக்கிறது. ‘வி’ பிரியாமல் ‘வி’யாகவே திரும்புகிறது. ஆங்கிலத்தில் மெய் ஒரு பக்கமும் உயிர் ஒரு பக்கமும் போய்விடும். அவர்களுக்கு எழுத்து 26, நமக்கு 247. கலைத்துப் போட்டால் வேறு சொல் கிடைப்பது நமக்கு அரிது, ஆனால் திருப்பவும் ஒட்டவும் வால் வெட்டவும் தமிழ் தோதான மொழி. என்ன இருந்தாலும் குறுக்கெழுத்து இங்கிலாந்துச் சரக்கு, அதை நம் எழுத்துக்குப் பழக்குவது பெரிய வேலை.

ஜனவரி 13 — இரவு 10:30

கிடைத்துவிட்டது. போகிப் புகை கண்ணில் எரிய எரிய உட்கார்ந்து கண்டுபிடித்தேன்.

‘வாலறுந்த நெய்தல்’. நெய்தலுக்கு வாலை வெட்டு. ‘ல்’ போனால் மிச்சம் என்ன? ‘நெய்த’. தறி தம்பி, தறி! குறிஞ்சிப்பாடி கைலி நெய்கிற மாவட்டம் இது. பாவு, ஊடை, நாடா, தார், அச்சு எல்லாம் வரப்போகிறது. 27 குறுக்கில் இரண்டாவது எழுத்து ‘ஞ்’ என்று எழுதியிருக்கிறாய், நாலெழுத்து. குஞ்சம்! சேலை முந்தானைக் குஞ்சம். அதை வெட்டிக்கொண்டு கீழே போகிற 20 நெடுக்கு வேறு ‘பஞ்சு’. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

(முழுசாகச் சொல்ல மாட்டேன் என்று காலையில்தான் சொன்னேன். மகிழ்ச்சியில் மறந்துவிட்டது.)

ஜனவரி 14 — காலை 11:50

பொங்கல் பொங்கிவிட்டது. குஞ்சம் பொங்கவில்லை.

27 குறுக்கின் குறிப்பு: ‘கால் போன கட்டில், பாக்கின் நடு (4)’. இதில் குஞ்சம் எங்கேயும் இல்லை. பாவு, ஊடை, நாடா மூன்றும் எந்தக் கட்டத்திலும் உட்கார மறுக்கின்றன. விடையை முதலில் முடிவு செய்துவிட்டுக் குறிப்பை அதற்கு வளைத்திருக்கிறேன். உன் கட்டத்தில் பேனாவால் எழுதிவிட்டாயா? எழுதியிருந்தால் மன்னித்துக்கொள். பென்சிலாக இருந்தால் அழித்துவிடு.

ஜனவரி 15 — மதியம் 3:10

மாடு இல்லாத வீட்டில் மாட்டுப் பொங்கல். நேரம் நிறைய. 9 குறுக்கை எடுத்தேன்.

‘மாலவன் யானை உரிக்கும் மரத்தடியில் சங்கின் நடுவைக் கண்டான் (4)’.

மூன்று துண்டு. மாலவனுக்கு இரண்டெழுத்தில் பெயர். அப்புறம் ஒரு மரம், ஒரே எழுத்து. கடைசியில் ச-ங்-கு, அதன் நடு எது என்று குழந்தைக்கும் தெரியும். ஆக ‘ங்’ என்று முடிவதை அவரே சொல்லித்தான் வைத்திருக்கிறார்! கட்டப் பிழை இல்லை, கண்ணும் அசரவில்லை. முதல் நாள் நான் அடித்த இலக்கண மணியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். விதி சரி, அதைக் கொண்டு அடித்த இடம் தப்பு.

அந்த மரம் ‘யா’. நெடுந்தொகையும் (அகநானூறுதான்) குறுந்தொகையும் புரட்டியவர்களுக்குப் பழக்கம். பிடியின் பசி தீர்க்கக் களிறு பட்டையை உரித்துக் கொடுக்கும் மரம். சங்கப் பாட்டில் காதலுக்குச் சாட்சியாக நின்ற மரத்தை முந்திரிப் போட்டியில் கொண்டுவந்து நட்டிருக்கிறார் உன் பெரியப்பா. எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

ஆனால் கிடைக்கிற நாலெழுத்தைச் சேர்த்து வாய்விட்டுப் படித்தால் சீன உணவகத்தில் ஒரு பலகாரம் மாதிரி இருக்கிறது. மிச்சம் எங்கே என்று தெரியவில்லை.

ஜனவரி 15 — மாலை 5:45

‘ஆங்கிலேயன் விளையாட்டைத் தமிழில் எதற்கு இழுக்க வேண்டும்’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த ஒட்டு வேலை நம் வீட்டுச் சரக்குதான் ஐயா. தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூலில் சித்திரகவி (எழுத்தை வைத்து விளையாடும் பாட்டு) வரிசையைப் பாருங்கள்: மாலைமாற்று, கரந்துறை செய்யுள், அக்கரச்சுதகம், வினாவுத்தரம். முதலாவது திருப்பிப் படிப்பது, இரண்டாவது ஒளித்து வைப்பது, மூன்றாவது எழுத்தைக் கழிப்பது. வினாவுத்தரம்தான் அச்சு அசல் இந்த வேலை. கேள்விகளை அடுக்கிக்கொண்டே போய், கிடைக்கிற பதில்களை ஒட்டினால் கடைசிக் கேள்விக்கு விடை. பூமகள் யார்? திரு. போகச் சொல்லி ஏவுவது? ஏகு. சரத்துக்கு வேறு பெயர்? அம்பு. அழகு? அம். சேர்த்தால் சிவன் உறையும் இடம், திருவேகம்பம். திரு + ஏகு + அம்பு + அம். கட்டம்தான் இல்லை, மற்றதெல்லாம் இருக்கிறது.

மாலைமாற்றில் பதிகமே பாடிய சம்பந்தர் நமக்குத் தெற்கே சீர்காழிக்காரர்.

ஜனவரி 16 — காலை 9:00

14 குறுக்கு: ‘முடிவிழந்த வெண்மைக்கு அக்கா மனசு (4)’.

இதை வாசித்துவிட்டு ‘அக்கா மனசு’ என்றால் பாசம், அன்பு, பொறாமை என்று இரண்டு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறாயே தம்பி. உனக்கு அக்கா உண்டா? அக்காவை மூன்று கட்டத்தில் எழுதிப் பார். மனசு நடுவில்தான் இருக்கும். அது வல்லின ஒற்று, மறுபடியும் சொல் முடியக் கூடாத எழுத்து.

வெண்மைக்கு ‘வெ’யில் தொடங்காத ஒரு பழைய சொல் இருக்கிறது. அதற்கு வாலை வெட்டு.

முதல் மூன்று எழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தவளை ஞாபகம் வந்தது. தவளைக்கு வால் எப்போது போகும்? தலைப்பிரட்டை வளரும்போது! ‘வாலறுந்த’! உயிரினங்கள்தான் கருப்பொருள் என்று எழுத உட்கார்ந்தேன். குஞ்சம் ஞாபகம் வந்தது. எழுதவில்லை.

(எழுதிவிட்டேனே.)

ஜனவரி 16 — இரவு 8:20

‘எல்லையில் நிற்கும்’ என்பதற்கு ஒரு யோசனை. நம் பக்கத்தில் எல்லை என்றால் பிரெஞ்சு எல்லைதான். 1918 நவம்பர் 20, பாரதியார் புதுச்சேரி எல்லையைத் தாண்டி வந்ததும் கைது, கடலூர்ச் சிறை, டிசம்பர் 14 வரைக்கும். ஏழும் சிறைவாசம் சம்பந்தப்பட்டதோ? வால் இல்லாமல், பொருள் இல்லாமல், அடைபட்டு...

வேண்டாம். இதுவும் வளைக்கிற வேலைதான். எழுதியதை அழிக்க மனமில்லாமல் விட்டு வைக்கிறேன்.

ஜனவரி 17 — காலை 6:50

திருத்தம். குறுக்கெழுத்து இங்கிலாந்துச் சரக்கு என்று 13ஆம் தேதி எழுதியிருந்தேன். காரைக்காலிலிருந்து ஒரு அம்மா பிடித்துவிட்டார். முதல் குறுக்கெழுத்து அமெரிக்காவில்தான் வந்தது, நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில், 1913 டிசம்பர் 21. போட்ட ஆர்தர் வின் லிவர்பூலில் பிறந்தவர் என்பது மட்டும் என் பக்கத்துக்கு ஒரு ஆறுதல். சொல்லுக்குள் சூது வைக்கிற இந்த கிரிப்டிக் வகையை வளர்த்தது இங்கிலாந்து. 1926இலிருந்து அப்சர்வர் பத்திரிகையில் எட்வர்டு போவிஸ் மாதர்ஸ் என்பவர் போட்டார். அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் டார்க்கெமாடா, ஸ்பெயினில் மதவிசாரணை நடத்திச் சித்திரவதைக்குப் பேர்போன ஆள். தொழிலுக்குப் பொருத்தமான பெயர்.

நான் இதைப் பழகியது கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில். 22 வருஷம் புதுச்சேரியில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை, தினம் போக வர பஸ். கூட வருவார் ஒரு மேலாளர். ஆங்கிலப் பேப்பரை நாலாக மடித்துத் தொடையில் வைத்துக்கொள்வார். நான் எட்டிப் பார்ப்பேன். விடையைச் சொல்லவே மாட்டார். குறிப்பில் ஓர் இடத்தில் நகத்தால் கோடு கிழிப்பார், இங்கே வெட்டு என்று. அவ்வளவுதான் உதவி. நகம் பட்ட இடம் பேப்பரில் பள்ளமாகத் தெரியும், அடுத்த ஊர் வருவதற்குள் எனக்குப் புரிந்திருந்தால் லேசாகத் தலையாட்டுவார். புரியாவிட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த ஜன்னல் அவமானத்துக்குப் பயந்தே கற்றுக்கொண்டேன்.

உனக்கும் அந்த மாதிரிதான் செய்ய நினைத்தேன். குஞ்சம் விஷயத்தில் நகத்துக்குப் பதில் அரிவாளே போட்டுவிட்டேன்.

ஜனவரி 17 — மதியம் 1:15

11 குறுக்கு: ‘வெள்ளைக்காரன் மறுத்தான், கடைசியில் அண்ணா தங்கை மனசானார் (3)’. அக்கா முடிந்து இப்போது தங்கை. வெட்ட வேண்டிய இடம்: ‘மறுத்தான்’ முடிந்ததும் ஒன்று, ‘அண்ணா’ முடிந்ததும் ஒன்று. இதுவும் ‘ங்’.

17 குறுக்கு: ‘வால் போன கிருமி, பழம் தின்றபின் மாம்பழத்தில் மிச்சம் (4)’. கொட்டை என்று எழுதியிருக்கிறாய். பாவம். மாம்பழத்திலிருந்து ‘பழம்’ என்கிற மூன்றெழுத்தைத் தின்றுவிடு தம்பி.

ஜனவரி 18 — இரவு 10:55

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

இன்று தை 5, ஆற்றுத் திருவிழா. பெண்ணையாற்றில் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு இறங்குகிற நாள். முதலியார்பேட்டையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது சாயங்காலம் பஸ் ஏறினேன். இன்றைக்கு இந்த ரோட்டில் பஸ் நகராது என்று தெரிந்தும் ஏறினேன். மாமியாருக்குச் சுருளிக்கிழங்கு வாங்கி வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன், அது இந்தத் திருவிழாக் கடையில்தான் கிடைக்கும்.

சன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் உன் புதிரின் நகல். 22 குறுக்கைப் பார்த்துக்கொண்டே வந்தேன்: ‘தணலில் பழைய காசு விழ, நுங்கின் நடு (5)’. நுங்கின் நடு ‘ங்’, அது புரிகிறது. தணல் என்றால் நெருப்பு, கனல், கங்கு. பழைய காசு என்றால் துட்டு, சல்லி, தம்படி, காலணா... எதுவும் ஒட்டவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒன்றரை கிலோமீட்டருக்கு வண்டி அப்படியே நின்றது. ஒரு பக்கம் கரும்பு, ஒரு பக்கம் கிழங்கு, நடுவில் தலை தலையாக ஜனம். படிக்கட்டில் தொங்கிய கண்டக்டருக்குப் பொறுமை போய்விட்டது. பஸ்ஸைக் கையால் தட்டிக்கொண்டு ஒரு கத்து கத்தினார்.

அந்தக் கத்தலில் ஊர்ப் பெயர் முழுசாக வரவில்லை. பாதி வரைக்கும் வந்தது, மிச்சத்தைக் காற்று கொண்டுபோய்விட்டது. வந்த பாதி ‘ங்’ என்று முடிந்தது.

மடியில் பார்த்தேன். கட்டம் ஐந்து. அவர் கத்தியதும் ஐந்தெழுத்து.

அப்படியே மேலே போனேன். 17, 14, 11, 9. ஒவ்வொன்றையும் கண்டக்டர் குரலில் மனசுக்குள் கத்திப் பார்த்தேன். எல்லாமே அரைமணி நேரமாக நான் கடந்துவந்த இடம். நடுவில் நிற்கிற 19 குறுக்கு எல்லை, இப்போது அது எந்த எல்லை என்றும் தெரிந்தது. கீழே போனேன். 27. ‘கால் போன கட்டில், பாக்கின் நடு’.

சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

நான் குஞ்சம் கட்டித் தொங்கவிட்ட இடம் எதுவென்று உனக்குத் தெரிந்தால் நீயும் சிரிப்பாய். நான் எழுதிய முதல் நாள் பதிலைப் படி. இதற்கு மேல் சொன்னால் நகம் இல்லை, அரிவாள்.

ஜனவரி 18 — இரவு 11:20

தூக்கம் வரவில்லை. ஒரே ஒரு கோடு மட்டும் கிழிக்கிறேன். நெய்தல் என்றால் பூவும் இல்லை, நெசவும் இல்லை. ஐந்திணையில் நெய்தல். அந்த நிலத்தில் ஊர்ப் பெயர்கள் எப்படி முடியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய்.

சுருளிக்கிழங்கு வாங்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 19 — காலை 8:30

சபாஷ்! விடிகாலை நாலு மணிக்கே அனுப்பிவிட்டாயாமே. இனி வெளிப்படையாகப் பேசலாம்.

அரியாங், நோணாங், தவளக், கிருமாம், முள்ளோடை, கங்கணாங், மஞ்சக். புதுச்சேரியில் ஏறினால் இதே வரிசையில் வரும். வெட்டின வால் ‘குப்பம்’, கிருமாமுக்கு மட்டும் ‘பாக்கம்’. ‘குத்துவதும் ஓடுவதும் சேர்ந்த இடம் (4)’ என்ற முள்ளோடைதான் புதுச்சேரி முடிகிற எல்லை. அதற்கு மேலே நாலு விடை புதுச்சேரி, கீழே இரண்டு தமிழ்நாடு. கட்டத்தின் நடுவரிசையிலேயே எல்லைக்கோடு போட்டிருக்கிறார் மனிதர். முள்ளோடையில் எதற்காக ஜனம் இறங்கும் என்று பெரியப்பாவிடம் கேட்காதே. ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியில் கேட்டால் சொல்வார்கள்.

சொல் ‘ங்’கில் முடியாது என்ற விதி உடையவே இல்லை என்பதுதான் அழகு. அவை சொல்லே இல்லை, பாதிச் சொல். குப்பத்தின் ‘கு’ பின்னால் வரப்போகிறது என்பதால்தான் அங்கே ‘ங்’கும் ‘க்’கும் நிற்கின்றன. வாலை வெட்டினாலும் அது இருந்த தடம் ஒற்றில் தெரிகிறது. உன் முதல் கேள்வியிலேயே சாவி இருந்தது. ‘இப்படி முடியாதே’ என்று நீ சொன்னபோது ‘அப்படியானால் இது முடியவில்லை’ என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். இலக்கணம் தெரியும் என்ற மிதப்பில் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 19 — காலை 10:10

கங்கணாங் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறாய், ஊர்ப் பெயரை வைத்து நிரப்பிவிட்டாயா? திருட்டு வழி, ஆனாலும் செல்லும். கங்கு + அணா + ங். கங்கு என்பதன் கடைசி உகரம் குற்றியலுகரம், உயிர் வந்தால் ஓடிவிடும். ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும்’ என்று நன்னூலில் ஒப்பித்தது இதற்குத்தான். கங்க் + அணா, கங்கணா. ‘அணா’ என்று தெரியாமல் நான் பஸ்ஸில் சல்லி, தம்படி என்று பையைத் தடவிக்கொண்டிருந்தேன். ‘காலணா’ வரைக்கும் வந்துவிட்டுக் காலை எடுக்கத் தோன்றவில்லை. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்று உன் வயசுக்குச் சொன்னால்தான் தெரியும்.

மஞ்சக்: மஞ்சம் என்றால் கட்டில். கால் போனால் மஞ்ச. பா-க்-கு நடு ‘க்’. தறியைத் தேடிக்கொண்டு கட்டிலிலேயே படுத்திருக்கிறேன், கட்டில் தெரியவில்லை.

ஜனவரி 19 — மாலை 4:00

இரண்டு முறையீடு, பெரியப்பாவிடம் சேர்த்துவிடு.

ஒன்று. நெய்தல் நிலத்து ஊருக்கு இலக்கணம் சொல்வது பட்டினமும் பாக்கமும். குப்பம் அந்தப் பட்டியலில் இல்லை. கடலோரத்தில் குப்பம்தான் நிறைய, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தவளக்குப்பத்திலும் மஞ்சக்குப்பத்திலும் வலை காய்வதை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் மைதானம் இருக்கிறது, ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது, கடல் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறது.

இரண்டு. கன்னியக்கோவிலையும் ரெட்டிச்சாவடியையும் விட்டுவிட்டார். அங்கேயும் பஸ் நிற்கும்.

ஜனவரி 21 — இரவு 7:45

பெரியப்பா பதில் அனுப்பியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். முதல் முறையீட்டுக்கு: ‘தலைப்பில் நெய்தல் என்றுதான் போட்டேன், நம்பியகப்பொருள் என்று போடவில்லை.’ (திணைக்கு இலக்கணம் சொல்லும் நூல் அது.) இரண்டாவதற்கு: ‘கோவிலுக்கும் சாவடிக்கும் வால் வெட்ட மனம் வரவில்லை.’ மூன்றாவதாக எனக்கென்று ஒன்று: ‘மஞ்சக்குப்பத்துக்காரருக்கு அந்தக் குறிப்புதான் முதலில் கிடைக்கும் என்று நினைத்தேன்.’ சரி. வாங்கிக்கொள்கிறேன்.

முந்திரி உனக்குக் கிடைக்கவில்லை என்பதில் எனக்கும் பங்கு உண்டு. 17ஆம் தேதியே முடித்த உன் அத்தைப் பெண்ணுக்கு கிரிப்டிக் விதி ஒன்றுகூடத் தெரியாதாமே. அரியாங்குப்பத்திலிருந்து கடலூருக்கு தினம் காலேஜ் பஸ்ஸில் போகிறவளாம். கட்டத்தில் ‘தவளக்’ வரைக்கும் வந்ததும் மிச்சத்தை அவளே சொல்லிவிட்டாளாம். நான் 22 வருஷம் போன ரோடு. என்ன செய்வது, நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டு போனேன், அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போகிறாள்.

வீட்டில் இதைச் சொன்னேன். ‘கிழங்கு எங்கே?’ என்றாள்.

ஜனவரி 22 — காலை 6:30

பெரியப்பா விட்ட ஊர் ஒன்றுக்கு நானே ஒரு குறிப்பு போட்டிருக்கிறேன், அவருக்கு அனுப்பு: ‘பாலம் தாண்டியதும் விழுதுவிட்டதன் அடியில் பேச்சு தொடக்கம், தலை போன கட்டை (4)’. வால் வெட்டவில்லை. பரிசு கிடையாது.

ஜனவரி 22 — காலை 6:42

(5). எண்ணிப் பார்த்தேன்.